குழி எண்ணுகிறவளின் அக்கா

1.
இந்தக் கதை என் தங்கையிடமிருந்து திருடியது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எலும்பைத் தின்னும் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது அவள் வேலை. (பயப்படாதீர்கள், நம் எல்லோர் உடம்பிலும் அவை உண்டு. பழைய எலும்பை அரிக்க ஒரு கூட்டம், புதிதாய்க் கட்ட இன்னொரு கூட்டம்.) போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள்:

"ஆக்சிஜனைக் குறைச்சா அதுங்க சுருண்டு படுத்துடும்னுதானே தோணும்? அதான் இல்லக்கா. பெட்டிக்குள்ள ஆக்சிஜனை ரெண்டு சதவீதத்துல வச்சா இன்னும் கூட்டமா பெருகி, எலும்புச் சில்லு முழுக்கக் குழி தோண்டுது. எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு."

அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

2.
முதல் தொடக்கம்: 'அந்தப் பெட்டியின் கதவை யாரும் திறக்கக் கூடாது.' அடித்துவிட்டேன், பேய்க்கதை வாடை. இரண்டாவது: 'பசி என்பது' (வேண்டாம்.)

செல்லுக்குக் குணம் கொடுக்க எனக்கு வராது. அதனால் ஒரு நோயாளியைச் சேர்த்தேன். கெட்டுப்போன நுரையீரல், மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். போன வருஷம் குளியலறையில் லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தவர். அடுத்த வாரம் எலும்பு ஸ்கேன். கற்பனைப் பாத்திரம் என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். எங்கே! அது அப்பாதான்.

3.
"லேப் தட்டுல நடக்கறது அப்பா உடம்புலயும் அப்படியே நடக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றாள் தங்கை. "ஆனா மெஷின் மட்டும் நிக்கக் கூடாதுக்கா."

"நிக்கலையே," என்றேன்.

பொய். இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். மெஷின் அடுத்த அறையில் கடகடவென்று ஓடும். இந்தக் கதையைத் தொடங்கிய அன்று, ஒரே ஒரு தடவை, "இந்தச் சத்தத்துல எப்படி எழுதறது" என்று முனகினேன். அன்றிலிருந்து நான் நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டால் அப்பா மெஷினை அணைத்துவிடுகிறார். நான் எழுந்ததும் போடுகிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாக நானும் தெரியாதவள் போலவே எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நீங்கள் இதுவரை படித்ததெல்லாம் அந்த அமைதியில் எழுதியது.

4.
இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் ஸ்கேன் நல்லபடியாக வருகிறது. மற்றதை எழுத இன்னும் அரைமணி நேரம் பிடிக்கும்.

"முடிஞ்சுதாம்மா?" அடுத்த அறையில் அப்பாவின் குரல். ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்குகிறது. "அவசரமில்ல... நீ நிதானமா எழுது."

எந்த முடிவு வேண்டுமோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போய் மெஷினைப்