பெற்றோர் கருத்துப் படிவம்

...எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை, மூன்றே கட்டம்தானாம், ஏதாவது ஒன்றில் டிக் போட்டால் பள்ளிக்கூடத்தின் தரம் தெரிந்துவிடுமாம், சிஸ்டர் மைக்கில் பேசி முடித்த பிறகும் கிருஷ்ணராஜுக்கு எரிச்சல் அடங்கவில்லை, பெயர் எழுத வேண்டாம், பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் நன்றாகத்தான் சொன்னார், ஆனால் கையில் கொடுத்த தாள் இங்கிலீஷ், மாதா சிலை வைத்த கெபிக்கு எதிர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை அப்பா அம்மாவும் விறுவிறுவென்று டிக் அடிக்கிறார்கள், படித்துப் பார்த்துத்தான் அடிக்கிறார்களா... இருக்கும், எல்லோரும் என்ன அவனைப் போல டைல்ஸ் ஒட்டுகிறவர்களா? மனைவி மகேஸ்வரி பக்கத்தில் இருந்தாலாவது பரவாயில்லை, நஞ்சன்கூட்டு ஃபேக்டரியில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்று அட்மிஷன் அன்று சிஸ்டர் கேட்டபோது அவன் தலையை ஆட்டினான், ஆட்டாவிட்டால் சீட்டு கிடைத்திருக்குமா, யார் கண்டது, அன்று ஆட்டிய தலையை இன்றுவரை நிறுத்த முடியவில்லை. நாலாம் வகுப்பு மகள் தமிழ்ப்ரியாவிடம் தாளை நீட்டினான். "நீ வாசிச்சு தமிழ்ல சொல்லு கண்ணு, நான் சொல்ற கட்டத்துல டிக் போடு. அப்பா கண்ணாடி கொண்டு வரல." கண்ணாடி என்று ஒன்று அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

இன்று ஒன்றையும் மறைக்கப் போவதில்லை, எத்தனை நாள்தான் மென்று விழுங்குவது, காலை ஜெபத்தை ஒரே மூச்சில் இங்கிலீஷில் ஒப்பிக்கிறாள், நோட்டைத் திறந்தால் அச்சடித்த மாதிரி எழுத்து, பக்கத்துக்கு ஒரு ஸ்டார், ஆனால் இந்தப் பாடத்தில் என்ன கண்ணு சொல்லியிருக்கிறது என்று கேட்டால் "அதான் எழுதிட்டேன்ல" என்கிறாள், இதுவா படிப்பு, போர்டில் இருப்பதை நோட்டில் ஏற்றுவதற்கா இவ்வளவு தூரம் ஆட்டோவில் அனுப்புகிறோம்? கௌதள்ளி கன்னடப் பள்ளியில் ஏழாவதோடு நின்றவன்தான் அவன், ஆனாலும் எழுதியதை வாசிப்பான், வாசித்ததைச் சொல்வான். போன மாதம் இவள் பதில் தெரியாமல் விழித்தபோது நோட்டைச் சுவரில் விட்டெறிந்தான்... தப்புதான், அந்தக் கோபம் பள்ளிக்கூடத்தின் மேல், பிள்ளை மேல் இல்லை. இப்படியே போனால் ஜூனில் வேறு பள்ளியில் சேர்த்துவிட வேண்டியதுதான், மகேஸ்வரி என்ன சொன்னாலும் சரி.

முதல் வரியில் விரலை வைத்து, மிஸ் சொல்வது கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா என்று வாசித்தாள். சில சமயம் என்றான். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லித் தருகிறார்களா? ஒருபோதும் இல்லை, நன்றாக அழுத்திப் போடு என்றான். தெரியாது என்று சொன்னால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களா? அது எனக்கு எப்படித் தெரியும் என்றான், அவளே ஒரு கட்டத்தில் போட்டுக்கொண்டாள். கேள்வியெல்லாம் நன்றாகத்தான் கேட்டிருக்கிறார்கள், அதைவிட, இவள் தடங்கல் இல்லாமல் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்கிறாளே, அப்படியானால் புரியத்தானே செய்கிறது, வீணாகத்தான் கத்தினோமோ, பக்கத்து பெஞ்சுக்காரருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னான். அவள் குரல் இறங்கியது. "படிக்க வராட்டி... வூட்ல வைவாங்களா?"

இதை எதற்குப் பள்ளிக்கூடம் கேட்கிறது? அவள் விரல் நிற்கிற வரியைக் குனிந்து பார்த்தான். அதில் ஒரே ஒரு சொல் அவனுக்குத் தெரியும், எந்த வீட்டு வரைபடத்திலும் அதைப் பார்த்துத்தான் வழுக்காத டைல்ஸ் எடுத்து வைப்பான், டாய்லெட். வைவதற்கும் டாய்லெட்டுக்கும் என்ன சம்பந்தம்... அப்படியென்றால் முதல் வரியிலிருந்தே இவளாகச் சொன்னதா... கை தானாக அவள் பையிலிருந்து டைரியை எடுத்தது. தினமும் சாயங்காலம் இவள் வாசிப்பாள், "குட் கேர்ள்னு எழுதியிருக்காங்கப்பா" என்பாள், அவன் கையெழுத்துப் போடுவான். சிவப்பு மையில் நான்கு வரி, கீழே அவன் கையெழுத்து. அடுத்த பக்கம் ஐந்து வரி, கீழே அவன் கையெழுத்து. குட் கேர்ள் என்று எழுத ஐந்து வரி எதற்கு? மிஸ் சொல்லிக்கொண்டேதான் இருந்தாரா, யாரிடம் சொன்னார், யார் மேல் கோபப்படுவது இப்போது?

சிஸ்டர் தாள்களை வாங்கிக்கொண்டே அடுத்த பெஞ்சுவரை வந்துவிட்டார். "எதுல போடட்டும்ப்பா?" என்றாள். உனக்கு எது சரியோ அதில் போடு என்றான். பேனா முதல் கட்டத்துக்குப் போனது, அங்கேயே நின்றது, அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு நகர்ந்து கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள். ஒருபோதும் இல்லை. இத்தனை நாளும் டைரியை விரித்து வைத்துக்கொண்டு அவள் பார்த்து வாசித்தது அவன் முகத்தைத்தானா?