தளத்துக்குத் தண்ணீர்

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் லாரி வந்து தொட்டியில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் கொட்டகைப் பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். காவலாளி மறித்தான். "இது வேலைக்கு. உங்களுக்கு நாளைக்குத்தான்."

கான்கிரீட் தளத்தை நனைக்கிற ஆள், கூலி கூட்டிக் கேட்டு நின்றுபோயிருந்தான். மேஸ்திரி, செங்கல் சுமந்துகொண்டிருந்த சித்தாளை மேலே அனுப்பினார்.

"பைப்பைப் பிடிச்சுட்டு நிக்கிற வேலைதான். ராணி மாதிரி நில்லு, போ."

புதுத் தளத்தில் தண்ணீர் தேங்கக் கலவையால் வரப்பு கட்டிப் பாத்தி பிரித்திருந்தார்கள். குதிகாலால் தட்டிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. கீழே அவள் ஓரகத்தி, கைக்குழந்தையை இடுப்பிலும் காலிக் குடத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

"என்னக்கா, கல்லுக்குத் தண்ணி ஊட்டுறியா? புள்ள துணியெல்லாம் நாறுது, இங்க கொஞ்சம் ஊத்தேன்!"

"இதுக்கு எங்கடி தாகம்? குடத்தைச் சுவரோரமா வை."

பைப் கீழே இறங்கியது. அன்றிலிருந்து தளத்துக்குப் பேருக்கு ஒரு தெளிப்பு, மிச்சமெல்லாம் குடங்களுக்கு. கொட்டகைப் பக்கம் சோப்பு வாசனை வந்தது.

வெயில் கொளுத்திய வாரம் அது. இன்ஜினியர் வந்து பார்த்தபோது தளம் முழுக்க விரிசல் ஓடியிருந்தது. சாவியால் கீறினார், மாவு மாதிரி உதிர்ந்தது.

"கொத்தி எடுக்கணும். ஒரு மாச வேலை போச்சு. யாரு தண்ணி விட்டது?"

மேஸ்திரி அவளைக் கைகாட்டினார்.

"கெட்டியாயிடுச்சேன்னு விட்டுட்டேங்க. அதுக்கப்புறமும் நனைக்கணும்னு எனக்குத் தெரியாதுங்க."

"யாருமே சொல்லலையா?"

"சித்தாளுக்கு உக்கார வச்சுப் பாடமா சார் நடத்துறது?" என்றார் மேஸ்திரி. "தெரிஞ்ச ஆளு வேணும்னா கூலி..."

"அதே கூலியில பாருங்க." இன்ஜினியர் படியிறங்கினார்.

கொழுந்தனுக்கு வேலை இருந்ததால் ஓரகத்தி குடும்பம் தங்கிக்கொண்டது. புருஷன் இல்லாத அவளுக்கு, வேலை போனதோடு கொட்டகையும் போனது. காலையில் பாயையும் அடுப்பையும் மூட்டை கட்டினாள்.

"என்னாலதானேக்கா," என்று கேட் வரை வந்தாள் ஓரகத்தி.

"சும்மா இருடி. புள்ள நாலு நாளாச்சும் அழாமத் தூங்குச்சுல்ல."

அதே வளாகத்துப் பக்கத்துக் கட்டிடத்தில் புதிதாகப் போட்ட தளத்தின்மேல், நேற்று வந்த பெண் பைப்போடு நின்றாள். மேஸ்திரியின் குரல் கேட்டது.

"பிடிச்சுட்டு நிக்கிற வேலைதான். கீழ மட்டும் எட்டிப் பாக்காத."

"ஏம்மா! அது காயக் கூடாதும்மா!" என்று இவள் கேட்டிலிருந்து கத்தினாள். தண்ணீர் லாரி இரைந்துகொண்டு உள்ளே நுழைந்தது. குடங்கள் ஓடிவந்தன.

மேஸ்திரி இறங்கிப் போனதும் மேலே நின்றவள் தளத்தைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள்.