நாத்தனார் போட்ட கண்ணாடி

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஷோபாவுக்கு வேலை. கண்ணாடி பிரேமுக்குக் கீல் பொருத்த வேண்டும். ஆனால் அது பவர் கண்ணாடியும் இல்லை, கூலிங் கிளாசும் இல்லை. போட்டுக்கொண்டால் கண்ணுக்கு முன்னால் எழுத்து ஓடும். போனுக்கு வந்த செய்தி, போக வேண்டிய வழி, எல்லாம் வரும். எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது. அதற்காகத்தான் மாடியில் டிசைன் பிரிவில் நிருபமா மேடம் ஒன்றரை வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கே இடித்தது என்றால், காதுக்குப் பின்னால். பேட்டரிக்காகப் புளியங்கொட்டை அளவில் ஒரு புடைப்பு. சுஹாஸ் என்கிற டிசைனர் அதைப் போட்டுக்கொண்டு மல்லேஸ்வரம் மார்க்கெட்டைச் சுற்றினார். கீரைக்காரம்மாவில் ஆரம்பித்து வழியில் பார்த்த அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், காது கேட்கவில்லையா என்று. முப்பது வயசு மனுஷனுக்கு வருமா வராதா வெட்கம்? கீரைகூட வாங்காமல் திரும்பிவிட்டார்.

ஒரு நாள் கீல் தட்டைக் கொடுக்க மாடிக்குப் போன ஷோபா, அங்கே மேஜைமேல் கண்ணாடி மாட்டியிருந்த பிளாஸ்டிக் தலையைப் பார்த்தாள். வழுக்கைத் தலை, வெறுங்காது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மேடம், இந்தப் பொம்மைக்கு முடியும் இல்ல, கம்மலும் இல்ல. இத வெச்சினு பாத்தா இன்னா தெரியும்? ஒரு கல்யாணத்துக்குப் போட்டுனு போனாதான் தெரியும்."

"உங்க வீட்ல கல்யாணம் ஏதாவது வருதா ஷோபா?"

"இந்த ஞாயித்துக்கெழமதான் மேடம். என் தம்பிக்கு."

அந்தக் கண்ணாடியைக் கல்யாணத்தில் ஷோபாவே போட்டுக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. காலையில் போட்டால் பந்தி முடிகிறவரை கழற்றக் கூடாது. மூன்று பேர் "இது என்ன" என்று கேட்டுவிட்டால் தோல்வி. அப்புறம் மேலிடத்துக்குப் பிடித்த கறுப்புப் பட்டைதான், வெல்டிங் போடுகிறவர் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. ஜெயித்தாலோ, ஷோபாவுக்கே சோதனைப் பிரிவில் பெர்மனன்ட் வேலை என்று மேடம் மேலிடத்தில் எழுதி வாங்கியே வைத்திருந்தார். ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடக்கிறவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

ஒக்கலிபுரம் மண்டபத்தில் காலை டிபன் முடிவதற்குள்ளேயே கதை கந்தலாகிவிட்டது. முதலில் போட்டோக்காரர், "மேடம், காதுல இருக்கிறது என்ன?" என்றார். அடுத்து தம்பி தினேஷின் சிநேகிதன் சரவணன், இட்லியை வாயில் வைத்துக்கொண்டே, "அக்கா, புளூடூத்தா அது?" என்றான். கடைசி வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த நிருபமா மேடம் இரண்டு விரலைக் காட்டினார்.

இனி முகூர்த்தம் வேறு. முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் கையால். பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் குனிந்து அவள் முடிச்சுப் போடுகிறபோது மண்டபத்துக் கண் அத்தனையும், வீடியோ லைட்டும், அவள் காதுமேலேதான் விழும். போயும் போயும் இந்தக் கல்யாணத்தையா சொல்லித் தொலைத்தோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பாஞ்சாலி அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. கையில் மூன்று சரம் வைத்த முத்து மாட்டல்.

"ஏண்டி, நாத்தனாரு மாட்டல் போடாம மேடைக்குப் போவியா? பொண்ணு வீட்டுக்காரங்க சிரிப்பாங்க. அந்தக் கண்ணாடியக் கழட்டுடி, ஜல்தி."

"கண்ணாடிய மட்டும் கேக்காத அத்த. உயிரே போனாலும் கழட்ட மாட்டேன்."

அத்தை கம்மலில் ஒரு முனையைக் கோத்தாள். காதுக்குப் பின்னால் ஏற்றி முடியில் செருகப் பார்த்தாள். புடைப்பில் இடித்து இடித்து நழுவியது. மேளக்காரர்கள் வேறு ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன பேஜாருடா இது" என்று சலித்துக்கொண்டு, கொக்கியை முடியில் மாட்டாமல் கண்ணாடியின் கம்பியிலேயே மாட்டிவிட்டாள். மறு காதிலும் அப்படியே. முத்துச் சரம் மூன்றும் பரந்து விழுந்து புடைப்பை மூடிக்கொண்டன. கம்பியே நகையோடு சேர்த்துச் செய்தது போல இருந்தது. ஷோபா ஜன்னல் கண்ணாடியில் தன் காதைப் பார்த்தாள். அட, ஒன்றரை வருஷத்து வேலையை அத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாளே என்று அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"சீ, பவுடர் போவுதுடி" என்றாள் அத்தை.

மணப்பெண் மகாவின் கழுத்தில் இரண்டு முடிச்சையும் ஷோபா போட்டாள். அட்சதை விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தியில் பாயசம் வருகிற நேரம். மகாவின் அம்மா வேதநாயகி எதிரில் வந்து நின்று ஷோபாவின் காதையே உற்றுப் பார்த்தாள். நகரவே இல்லை. ஷோபா கடித்த வடையை இலையில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. அப்போலேர்ந்து பாத்துனே இருக்கேன்."

போச்சு என்று நினைத்தாள். "கேளுங்கம்மா."

"இந்த மாட்டல் எங்க வாங்கினீங்க? கண்ணாடி போடறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. எங்க பெரிய பொண்ணும் கண்ணாடி போடறவதான். விசேஷம்னாலே மாட்டல் நிக்கலன்னு அழுவறா."

பதில் சொல்ல வாயெடுத்த ஷோபாவின் கண்ணுக்கு முன்னால் பச்சை எழுத்து ஓடியது. "பாயசம் வந்தாச்சு, பந்தி முடிஞ்ச மாதிரிதான். ரெண்டே பேர். பாஸ். திங்கட்கிழமை நேரா மாடிக்கு வாங்க. அத்தையையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க." மூன்றாவது வரிசையில் நிருபமா மேடம் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரிய வேலை ஒன்றும் நடக்காதது போல அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஷோபாவுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். ஏழு வருஷம் இப்படி ஒரு வரிக்காகத்தானே காத்திருந்தாள்.

"அய்யோ, இன்னாம்மா ஆச்சு? நான் எதனா தப்பா கேட்டுட்டனா?" என்று வேதநாயகி பதறினாள்.

"இல்லம்மா. எனக்கு வேல பெர்மனன்ட் ஆயிடுச்சு. இப்பதான் மெசேஜ் வந்துச்சு."

"நல்ல சேதிதான். ஆனா உங்க கையில போனே இல்லியேம்மா."

"இதுலதான் வந்துச்சு" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள் ஷோபா.

வேதநாயகி அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாகச் சம்பந்தி வீட்டுப் பெண்ணை மறுத்துப் பேசலாமா என்று யோசித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அது வெறும் கண்ணாடிதானேம்மா."