பதினெட்டாவது பெயர்

எட்டு வருஷமாக எங்கள் கழகம் என்னைத் தகுதியில்லாதவன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த எட்டு வருஷமும் ஒரு ஆட்டம் விடாமல் ஆடியவனும் நான்தான். இது உங்களுக்குக் குழப்பமாக இருந்தால் தப்பு உங்களுடையதல்ல. முத்தியால்பேட்டை எத்துவால் (பிரெஞ்சில் நட்சத்திரம்) கால்பந்துக் கழகத்தில் சேர்ந்து இரண்டு சீசன் ஆகும்வரை எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் லீக் ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்டில் முடியும். அதற்கு முந்தைய இரண்டு மாதம் பயிற்சி ஆட்டங்கள். அந்த இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது என்பதால் எங்கள் கழகத்தின் சோலை நகர் மீனவர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். வலை இழுத்த தோளும், ஆடுகிற படகில் நின்று பழகிய காலுமாக அவர்கள் மைதானத்தில் இறங்கினால் எதிரணிக்காரன் பாவம். ஏழு கோல், எட்டு கோல் என்று அடித்து அனுப்புவார்கள். ஜூன் பதினான்காம் தேதி சாயங்காலம் அவர்களில் பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, மாலை போட்டு, புது ஜெர்சி கொடுத்துப் படம் எடுப்போம். மறுநாள் விடியும்போது பதினெட்டுப் பேரும் கடலில் இருப்பார்கள். தடை முடிந்த முதல் இரண்டு மாதம்தான் மீன் நிறையக் கிடைக்கும். அந்த நேரத்தில் கரையில் நின்று எவன் பந்தாடுவான்?

ஆகவே, தள்ளிவிடப்பட்ட பதினொரு பேர் லீக் ஆடுவோம். அதில் முதுபெரும் தள்ளுபடி நான். பெயர் இளம்பரிதி, வயது முப்பத்தேழு, மணிக்கூண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, ஆடுவது இடதுபக்கத் தடுப்பு. தள்ளிவிடப்பட்டவர்களின் கேப்டனும் நானே.

இந்த ஏற்பாட்டுக்குச் சூத்திரதாரி எங்கள் கோச் முசே அல்பேர்; 'முசே' என்றால் பிரெஞ்சில் 'ஐயா'. பிரெஞ்சு ராணுவத்தில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு வந்த சொல்தா. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நீல நோட்டைத் திறந்து ஒவ்வொருவருக்கும் இருபதுக்கு மார்க் போடுவார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பதினான்குக்கு மேல் யாருக்கும் போட மாட்டார்களாம். இவரும் போட மாட்டார். தடுப்பதற்கு, ஓட்டத்துக்கு, ஒழுக்கத்துக்கு என்று தனித்தனியாக உண்டு. காலுறை ஒழுங்காக இழுத்துவிட்டிருந்தால் இரண்டு.

விசைப்படகில் வேலை பார்க்கும் அய்யப்பன் வருஷா வருஷம் பதினான்கு வாங்குவான். வருஷா வருஷம் 'சிறந்த வீரர்' கோப்பையும் அவனுக்குத்தான். லீக்கில் இன்றுவரை ஒரு நிமிஷம் ஆடியதில்லை. எனக்கு ஆறு. பக்கத்தில் ஒரு குறிப்பு: "முயற்சி செய்கிறார். அதுதான் தொந்தரவு."

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "முசே, கடலுக்குப் போறவனை எதுக்கு செலக்ட் பண்றீங்க?"

"நல்லா ஆடுறவனைத்தானே செலக்ட் பண்ணணும்?" என்றார்.

"அவன்தான் ஆட வரமாட்டானே?"

"அது அவன் பிரச்சினை. தேர்வு வேற, ஆட்டம் வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே."

நான் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. என் மனைவி ஜெயசித்ரா அவள் ஆபீஸ் தோழிகள் எதிரிலேயே, "எட்டு வருஷமா ஒரே கிளாஸ்ல ஃபெயிலாவுறவரு இவுருதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனாள். தோழிகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஒருமுறை, தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இந்த வருஷம் வாய்ப்பும் வந்தது. சோலை நகர் ஆட்களில் ஒருவன் துபாய் போய்விட்டான். கடலாடிகள் பதினேழு, நாங்கள் பதினொன்று. பதினெட்டாவது இடத்துக்கு எங்களில் ஒருவன் தேறியாக வேண்டும். மற்ற பத்துப் பேருக்கும் அதில் அக்கறையே இல்லை. எங்கள் கோல்கீப்பர் அரிகிருஷ்ணன், எலக்ட்ரீஷியன், என்னைத் தனியாக அழைத்து எச்சரிக்கவே செய்தான். "அண்ணா, வேணாம்ணா. வழக்கம்போல மோசமாவே ஆடுங்க. நல்லாருக்கறதைக் கெடுத்துக்காதீங்க."

நான் கேட்கவில்லை. விடியற்காலையில் எழுந்து கடற்கரைச் சாலையில் ஓடினேன். பரோட்டாவை விட்டேன். ஏழு கிலோ குறைந்தேன். காலுறையை முழங்கால்வரை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டேன். நோணாங்குப்பத்தோடு ஆடிய கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் கோல் கோட்டில் விழுந்து மூக்கால் ஒரு பந்தைத் தடுத்தேன். ரத்தம் வந்தது. முசே அல்பேர் நோட்டில் ஏதோ எழுதுவதை ரத்தத்தோடு பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஜூன் பதினான்கு. "பதினெட்டு, இளம்பரிதி, பதினொண்ணு மார்க்" என்று ஒலிபெருக்கி சொன்னது. எனக்குக் காது அடைத்துவிட்டது. மாலை போட்டார்கள். மறுநாள் காலையில் மணிக்கூண்டில் என் பேனர் தொங்கியது. 'தேர்வான சிங்கமே' என்று மேலே, 'இப்படிக்கு நண்பர்கள்' என்று கீழே. எழுதியது, அச்சடித்தது, ஏணி வைத்துக் கட்டியது எல்லாம் நான்தான். ஜெயசித்ரா அதன்முன் நின்று செல்ஃபி எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டாள்.

முந்தின சாயங்காலம் படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற அய்யப்பன் கேட்ட கேள்வியை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். "அண்ணா, நாளைக்குப் படகுக்கு எத்தினி மணிக்கு வரீங்க?"

"நான் எதுக்குடா வரணும்? எனக்கு நீச்சலே தெரியாது."

"செலக்ட் ஆனவங்க எல்லாம் கடலுக்குத்தானேண்ணா போவோம்?" என்றான் அவன் நிஜமான கவலையோடு.

முதல் ஆட்டம் சாரம் அணியோடு. ஞாயிறு மூன்றரைக்குப் புது ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பையோடு போனேன். வேப்பமரத்தடியில் பத்துப் பேரும் பழைய ஜெர்சியில் நின்றார்கள். அரிகிருஷ்ணன் கையில் கேப்டன் பட்டை இருந்தது.

"வாங்கண்ணா. வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"ஆட வந்திருக்கேன்டா."

"நீங்கதான் செலக்ட் ஆயிட்டீங்களேண்ணா," என்றான். கிண்டலாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முசே அல்பேரிடம் ஓடினேன். அவர் இரண்டு தாள்களைக் காட்டினார். மேல் தாள், தேர்வானவர்கள் பதினெட்டு. கீழ்த் தாள், தேறாதவர்கள் பத்து. லீக் ஆபீஸில் இரண்டிலும் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு தாளைத்தான் நீட்டலாம் என்பது விதி.

"கீழ்த் தாள்ல உன் பேர் இல்ல," என்றார்.

"முசே, பத்துப் பேரோட எப்படி ஆடுவாங்க?"

"வேணும்னா மேல் தாளைக் குடுக்குறேன். மத்த பதினேழு பேரும் கடல்ல இருக்கான். நீ ஒருத்தனா எறங்கி ஆடு. சம்மதமா?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்று நடுவர் சொல்லிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. நான் கோட்டுக்கு வெளியே, இடதுபக்கத்தில், புது ஜெர்சியில், கல்யாண வீட்டில் சாப்பாடு பரிமாறாமல் விட்ட ஆள் மாதிரி நின்றேன். என் இடம் காலியாகவே இருந்தது. யாரையாவது அங்கே நிறுத்துங்கடா என்று கத்தினேன். "அது அண்ணன் எடம், யாரும் போவக் கூடாது" என்று அரிகிருஷ்ணன் பதிலுக்குக் கத்தினான். மரியாதையா, பழிவாங்கலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாரம் அணியில் அந்தப் பக்கம் ஓடுகிறவன் ஆகாஷ். நல்ல வேகம். எட்டு வருஷமாக அவன் பந்தோடு வரும்போதெல்லாம் நான் சட்டையைப் பிடித்து இழுப்பேன், அவன் விழுவான், இரண்டு பேரும் திட்டிக்கொள்வோம். அன்றைக்கு அவன் பந்தோடு வந்தான். எதிரே யாருமில்லை. சடாரென்று நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துப் பந்தைப் பின்னால் தட்டிவிட்டான். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை துணிந்து ஓடினான். வழக்கமாக நான் சட்டையைப் பிடிக்கும் இடம் வந்ததும் தானாகவே விழுந்து, ஃபவுல் கேட்டுக் கையைத் தூக்கினான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

எழுபதாவது நிமிஷம் அரிகிருஷ்ணன் ஓங்கி உதைத்த பந்து காற்றில் போய் எதிர்க் கோலில் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். எட்டு வருஷத்தில் முதல் ஆட்டத்தை ஜெயித்தது இதுவே முதல் தடவை. எல்லாரும் குதித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் ஆட்கள் ஜெயித்ததற்குக்கூட வயிறெரிகிற அல்பனா நான் என்று என்மேலேயே கோபம் வந்தது, வயிறெரிச்சல் அதற்காக நிற்கவில்லை.

ஆகாஷ் மட்டும் என்னிடம் வந்தான். "எங்கண்ணா போனீங்க? நீங்க இல்லாம எனக்கு ஓடவே வரல." அவனைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

முசே அல்பேர் மரத்தடியில் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'இடதுபக்கத் தடுப்பு: 12' என்றிருந்தது.

"இது யாருக்கு முசே?"

"அந்த எடத்துக்கு."

"அங்கதான் ஆளே இல்லையே?"

"அதனால என்ன? தப்பான பாஸ் ஒண்ணு இல்ல. ஃபவுல் இல்ல. ரெஃப்ரியைத் திட்டல. காலுறைக்கு மட்டும் மார்க் குறைச்சேன்."

இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. கடையில் ஒருவருக்கு ஆதார் அட்டையின் பின்பக்கத்தை மட்டும் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில்தான் லீக் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் ஆட்டம் முடிந்து மூன்று நாளுக்குள் தாளில் ஒரு பெயரை மாற்றலாம். கடையை அப்படியே விட்டுவிட்டு முசே வீட்டுக்கு ஓடினேன். அவர் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"முசே, பதினொண்ணு பெருசா, பன்னெண்டு பெருசா?"

"பன்னெண்டு."

"அப்ப மேல் தாள்ல யார் இருக்கணும்?"

ரொட்டி காப்பிக்குள் விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "நீ சொல்றது நியாயம்தான். பதினொண்ணை வச்சிக்கிட்டு பன்னெண்டை வெளிய விட்டது என் தப்பு. ஆனா, உன்னைவிட வெறும் எடம் நல்லா ஆடுதுன்னு நீயே எழுதிக் குடுக்கணும். நாளைக்கு வந்து சண்டை போடக் கூடாது."

பேனாவைப் பிடித்தேன். எட்டு வருஷம் பட்ட அவமானம், ஏழு கிலோ, மூக்கு ரத்தம் எல்லாம் கண்முன் வந்தன. ஜெயசித்ராவின் செல்ஃபியும் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வருகிற ஞாயிறும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டுமே என்று பயமாக இருந்தது. 'இளம்பரிதியாகிய நான், என் இடத்தில் ஒருவரும் இல்லாதபோது என் அணி இன்னும் நன்றாக ஆடுகிறது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முசே மேல் தாளில் என் பெயரை அடித்து, பதினெட்டாவதாகக் 'காலி இடம்' என்று எழுதினார். கீழ்த் தாளில் பதினொன்றாவதாக என்னைச் சேர்த்தார். லீக் ஆபீஸ் குமாஸ்தா இரண்டையும் படிக்காமல் முத்திரை குத்தினார்.

கடிதத்தின் பிரதியை வீட்டில் ஜெயசித்ரா படித்தாள். இரண்டு தடவை படித்தாள். சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "இப்படி எழுதிக் குடுத்துட்டு எதுக்கு இந்தச் சிரிப்பு சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்குடி," என்றேன்.

அந்த ஞாயிறு மூன்று கோல் வாங்கித் தோற்றோம். மூன்றும் என் பக்கமாகத்தான் வந்தன. முசே அல்பேர் ஐந்து மார்க் போட்டார். சிராய்த்த முழங்காலோடு மரத்தடியில் உட்கார்ந்து அரிகிருஷ்ணனின் பாட்டிலில் தண்ணீர் குடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.