இன்றைக்குப் பார்த்து நேரான கால்

"நடந்து காட்டு கண்ணு" என்றார் நரம்பு டாக்டரம்மா.

சிறுமி குருவி நடந்தாள். சுவர்வரை போய்த் திரும்பி ஜம்மென்று வந்து நின்றாள். வலது பாதம் அம்பு மாதிரி நேராக இருந்தது.

அம்மா பதறினாள். வீட்டில் உள்பக்கம் முறுக்கிக்கொண்டு நுனிவிரலில் நொண்டுகிற கால், இன்றைக்குப் பார்த்து இப்படிச் சதி செய்கிறதே!

"நான்தான் சொன்னேனே" என்றார் அப்பா. "ஸ்கூலுக்கு மட்டம் போடற நடிப்பு. போன டாக்டரும் அதைத்தான் சொன்னார். இனி வைத்தியம் கியித்தியம்னு ஒரு இடத்துக்கும் வரமாட்டேன்."

"நேத்து மாடிப்படியில உருண்டதும் நடிப்புதானாங்க?" என்றாள் அம்மா.

டாக்டரம்மா குருவியின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "தூங்கிட்டா வந்தே?"

"ஆமா. அம்மா எழுப்பவே இல்ல. கார்லயும் தூங்கினேன்."

"உங்க முன்னாடி சோர்ந்துபோய் நிக்கக் கூடாதேன்னு..." அம்மா இழுத்தாள்.

"நோயைத் தூங்க வச்சுட்டு, குழந்தையை மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீங்க! தூங்க விடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் வராண்டாவுல நடக்கட்டும்."

வராண்டாவில் குருவி போனாள், வந்தாள். அப்பா உட்கார்ந்தார், எழுந்தார், போனைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அம்மாவின் கண் பாதத்தை விட்டு நகரவில்லை. நேர். மறுபடி நேர்.

"என் காலை ஏம்மா முறைக்கிறே?"

முறுக்கிக்கொள்ளேன், சனியனே! மனதுக்குள் கெஞ்சியவள் திடுக்கிட்டாள். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது?

வெயில் தணிந்தது. குருவி சட்டென்று சுவரைப் பிடித்தாள்.

"ஏய், நேரா நட!" அப்பா அதட்டினார்.

"அதுவாத் திரும்புதுப்பா..."

அவர் மண்டியிட்டுப் பாதத்தை நிமிர்த்தப் பார்த்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அவர் மகளை அள்ளப் போனார்.

"தூக்காதீங்க!" அம்மா கத்தினாள். "நடந்தே வரட்டும். டாக்டர் பார்க்கணும்!"

"பார்த்துட்டேன்." கதவருகே டாக்டரம்மா நின்றிருந்தார். "இது டிஸ்டோனியா. மூளையிலருந்து தசைக்குத் தப்பான உத்தரவு போகுது. தூங்கி எழுந்தா அடங்கி, சாயங்காலம் ஏறுற வகைன்னா, ஒரு மாத்திரைக்கே நல்லாக் கட்டுப்படும். கொஞ்ச அளவுல ஆரம்பிச்சுப் பார்ப்போம்."

"மாத்திரைக்குக் கேட்கலேன்னா?" என்றாள் அம்மா.

"வேற காரணத்தைத் தேடுவோம். விடமாட்டேன்." டாக்டரம்மா மருந்தை எழுதி நீட்டினார்.

அப்பா இன்னும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வலிக்குதாடா?" என்றார்.

குருவியின் பதிலைக் கேட்க அம்மா அங்கே இல்லை. மருந்துச் சீட்டோடு படிகளில் பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.