பட்டன் தைக்கும் காட்சி

பத்து வருடமாகத் தங்கையின் ஜிகினா உடைகளையெல்லாம் தைத்துக் கொடுத்தவள் அக்காதான். அவற்றைப் போட்டுக்கொண்டு தங்கை சினிமாவில் ஆடினாள், சிரித்தாள், ஊரையே கிறங்கடித்தாள். அப்போதெல்லாம் அக்காவுக்குப் பொறாமை வந்ததில்லை. அழகில் ஏணி வைத்தாலும் எட்டாது என்று எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டவள். வயிறு எரிந்தது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். முதல்முறையாகத் தங்கை பளபளப்பெல்லாம் கழற்றிப்போட்டுவிட்டு, புருஷனைப் பறிகொடுத்தவளாக நடித்திருந்தாள்.

திரையில், கூடத்தில் உடல் கிடக்கிறது. தங்கை உள்ளறையில் உட்கார்ந்து புருஷனின் நீலச் சட்டைக்குப் பட்டன் தைக்கிறாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவள் தன் புருஷனுக்குத் தைத்த பட்டன். நாலு வருடத்துக்கு முன், "இதக் கொஞ்சம் தச்சு வச்சிடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போன மனுஷன் மத்தியானம் உயிரோடு திரும்பவில்லை. கூடத்தில் உடல் கிடக்க, சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கதவோரம் நின்று தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்நெஞ்சுக்காரி" என்றாள் அத்தை, எல்லார் காதிலும் விழும்படி.

அதே அத்தை இப்போது பக்கத்து இருக்கையில் தேம்பித் தேம்பி அழுதாள்.

"பாவம்டி, எப்படித்தான் தாங்குனாளோ!"

தாங்கியது யார்? அத்தையின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல அக்காவுக்கு ஆத்திரம் வந்தது. அவளுடைய துக்கம் நாலு பேர் கண்ணுக்குத் துக்கமாகத் தெரிவதற்குக்கூடத் தங்கையின் மூஞ்சி வேண்டியிருந்திருக்கிறது!

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், தங்கை கண்ணாடி முன் உட்கார்ந்து கம்மலைக் கழற்றியபடியே கேட்டாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"ஒரு தப்பு இருக்கு."

தங்கையின் கை நின்றது.

"தச்சு முடிச்சதும் நூலப் பல்லால கடிச்சு அறுத்தியே, நான் கத்தரிக்கோலாலதான் வெட்டினேன்."

"அதுல என்னக்கா இருக்கு?"

"வாயத் திறந்தா அலறிடுவேன்னு பயம். அவ்வளவு நேரமும் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது உனக்கு எங்க தெரியப்போகுது?"

சொன்னதும் நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இந்த ஒன்றையாவது அவளால் திருட முடியவில்லை. இப்போது முகம் சுருங்கும், ஒரு மன்னிப்பாவது கேட்பாள் என்று அக்கா காத்திருந்தாள்.

தங்கை கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். உதட்டை மூடி, மெல்லப் பல்லைக் கடித்துப் பார்த்தாள்.

அத்தை மட்டும் பார்த்திருந்தால் மறுபடியும் அழுதிருப்பாள்.