கோட்டு விளிம்பில் ஒரு நரித் தோட்டா

பத்திநாதர் இருபத்திரண்டு வருடமாகப் பாரிசில் தையல் வேலை செய்கிறார். லா சப்பலில், ரூ பஜோல் தெருவில் இருந்து இரண்டு திருப்பம் தள்ளி அவருடைய கடை. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். காற்சட்டைக்குக் கால் வெட்டுவார், இழுத்து மூடும் சிப் மாற்றுவார், ஒரு கலியாணத்துக்கு இறுக்கிய சட்டையை அடுத்த கலியாணத்துக்கு இளக்கிக் கொடுப்பார். தெருமுனையில் கொம்மிசாரியா, அதாவது பொலிஸ் நிலையம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்து நடைபாதையில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கொட்டும் மழையிலும் எதிர்ப்பக்கம்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பது வயதில், மன்னார் சோதனைச்சாவடியில் அவருடைய தையல்பெட்டியைக் கவிழ்த்தபோது ஒரு வெற்றுத் தோட்டாக் கோது உருண்டது. ஊசி போட்டுவைக்க வசதியான சாமான் என்று வைத்திருந்தார். அதற்குப் பதினொரு நாள் உள்ளே. ஊசிக்குத்தான் என்று உண்மையைச் சொல்லச் சொல்ல அடி கூடியது. வெளியே வந்த அன்று இரண்டு முடிவு எடுத்தார். இனி ஊசியைப் பஞ்சில் குத்தி வைப்பது. இனிப் பொலிசுக்கு உண்மை சொல்வதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு, பிரெபெக்சர் என்கிற அரச அலுவலகத்தில் நடக்கவிருந்த பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகத்துக்கு முதல்நாள் பின்னேரமாகப் பார்த்தா அது கிடைக்கவேண்டும்?

சிரில் என்றொரு பிரெஞ்சுக்கார வாடிக்கையாளர் பச்சை நிறக் கையில்லாச் சட்டை ஒன்றைச் சிப் மாற்றக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உடம்பெல்லாம் பொக்கற். ஊசி வைக்க முன்னர் எல்லாப் பொக்கற்றையும் துழாவி, கிடைப்பதை ஒரு உறைக்குள் போட்டு ரிக்கற்றோடு குத்திவைப்பது பத்திநாதரின் வழக்கம். மெத்ரோ அட்டை, மூக்குத் துடைத்த கடதாசி, ஒருமுறை பாதிப் பல்செட்கூடக் கிடைத்திருக்கிறது. இந்தமுறை ஏழாவது பொக்கற்றில் விரலுக்குக் குளிராக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். சுண்டுவிரல் நீளத்தில் மினுமினுக்கும் பித்தளை, தடித்த உடம்பு, திடீரென்று ஒடுங்கும் கழுத்து, நுனியில் பென்சில் தடிப்புக்கூட இல்லாத ஒரு குண்டு. கோது அல்ல. முழுத் தோட்டா.

பத்திநாதர் கதவுத் தகட்டைப் பாதி இறக்கிவிட்டுப் பக்கத்து மரக்கறிக்கடை யூலியனைக் கூப்பிட்டார். யூலியன் எல்லாவற்றிலும் விண்ணன். விசா, முழங்கால் வலி, வான்கோழி, எதைக் கேட்டாலும் தெரியாது என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

யூலியன் அதை வெளிச்சத்தில் பிடித்து உருட்டினான். முதலில் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

"உது ஏகே இல்லை அண்ணை. எம் பதினாறும் இல்லை. அதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவன்."

"அப்ப என்ன?"

தெரியாது என்று சொல்லக் கூச்சம். "உடம்பு பெரிசு, தலை சின்னன். உது ஸ்னைப்பர்தான். பெரிய ஆக்களைத் தூரத்திலை நிண்டு முடிக்கிறது" என்று சொல்லிவிட்டு, தன் கைரேகையை ஏப்ரனில் நன்றாகத் துடைத்து, கடையில் வெண்டிக்காய் நிறுக்க ஆள் நிற்கிறது என்று கிளம்பிவிட்டான்.

சிரிலுக்கு நாலுதரம் போன் எடுத்தார். நாலுதரமும் இயந்திரக் குரல்தான் செய்தியை விட்டுவைக்கச் சொன்னது.

பின்னால் அயன் போட்டுக்கொண்டிருந்த மனைவி அற்புதமலர் தலையை நீட்டினாள். "இஞ்சருங்கோ, நாலு எட்டு வைச்சால் கொம்மிசாரியா. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோவன்."

"நாளைக்குப் பிரெபெக்சரிலை என்ரை பைலைத் திறக்கப் போயினம். இண்டைக்குப் போய்ப் பொலிசிலை என்ரை பேரைப் பதியச் சொல்லுறீரோ? உமக்கு விசரே?"

அவள் பால் வாங்கப் போய்விட்டாள்.

தனித்த பத்திநாதர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இடம்பெயர்ந்த காலத்தில் ஊர்ச் சனத்தின் தாலி, காப்பு எல்லாவற்றையும் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துக் கொடுத்தவர் அவர். எத்தனையோ சாவடி தாண்டின, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. நாலு வருடமாக எடுக்க ஆள் வராத கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று மூலையில் தொங்கியது. அதன் கீழ்விளிம்பைப் பிரித்து, தோட்டாவைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து, நூல் தெரியாமல் மூடினார். சிரில் வரும்போது பிரித்துக் கொடுத்தால் சரி. அன்றிரவு நல்ல நித்திரை.

காலையில், நேர்முகத்தில் கேட்பார்கள் என்று குடியரசின் சின்னங்களையும் ஆறுகளின் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினார். எத்தனையோ வருடமாக அற்புதமலர்தான் கோட்டைப் பிடிப்பாள், அவர் திரும்பிப் பார்க்காமல் கையை நுழைப்பார். அன்றும் நுழைத்தார்.

பிரெபெக்சர் வாசல் வரிசையில் நிற்கும்போதுதான் முழங்காலில் ஏதோ டொக் என்று இடித்தது. குனிந்து பார்த்தார். கறுப்புக் கம்பளி. விளிம்பைத் தடவினார். தன்னுடைய தையல் தனக்குத் தெரியாதா?

வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"ஓம், கடையிலை இருந்து நான்தான் கொண்டுவந்தனான்" என்றாள் அற்புதமலர். "உங்கட கோட்டு முழங்கை தேய்ஞ்சு மினுங்குது. தையல்காரன் அப்பிடிப் போனால் என்ன நினைப்பினம்? விளிம்பிலை கட்டியாய் ஒண்டு இருந்தது, துணி தொங்கிறதுக்கு ஈயம் வைச்சிருக்கிறாங்கள் எண்டு நல்லா அழுத்தி அயன் போட்டனான்."

பத்திநாதர் சிலுவை போட்டுக்கொண்டார். வரிசையை விட்டு விலகினால் நேரம் தவறும், நேரம் தவறினால் பைல் மூடப்படும், மூடினால் எல்லாம் முதலிலிருந்து. இரண்டு வருடக் கடதாசி வேலை. யோசித்து முடிக்குமுன் வரிசை அவரை உள்ளே தள்ளிவிட்டது. கோட்டைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். தட்டு இயந்திரத்துக்குள் போனது. திரையைப் பார்த்த பெண்ணின் முகம் மாறியது.

இரண்டு பொலிசார் வந்து ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். கோட்டே என்னுடையதல்ல என்று அவர் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் மனிதனுக்குப் பொய் சோடிக்கத் தெம்பு இருக்காது. சிரில், சிப், ஏழாவது பொக்கற், யூலியனின் ஸ்னைப்பர், பாவாடை விளிம்பு, மன்னார், பதினொரு நாள் என்று எல்லாவற்றையும் உடைந்த பிரெஞ்சில் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தது அடி என்று அவருடைய முதுகுக்குத் தெரியும்.

அடி வரவில்லை. கோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றுதரம் தேடியும் தையல் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவரையே பிரிக்கச் சொன்னார்கள். கத்தரிக்கோல் கொடுக்க மாட்டார்களாம். பத்திநாதர் பல்லால் நூலைக் கடித்து இழுத்தார். பித்தளை மேசையில் உருண்டது.

நரைத்த மீசைக்காரப் பொலிஸ் அதை எடுத்தார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"இருபத்திரண்டு இருநூற்றைம்பது ரகத் தோட்டா. என் மாமனாரிடமும் இருக்கிறது. இது நரிக்கு, ஐயா. நரிக்கும் காகத்துக்கும், வாய்க்கால் கரையைத் தோண்டுகிற எலி இனத்துக்கும். குண்டு சின்னது, மருந்து அதிகம். ஒரு செக்கனில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் பாயும். நரிக்குச் சத்தம் கேட்க முன்னமே கதை முடிந்துவிடும்."

"நரிக்கோ?" என்றார் பத்திநாதர். யூலியனை அந்த நிமிடம் வெண்டிக்காயோடு சேர்த்து நறுக்கலாம்போல் இருந்தது.

தோட்டாவை உறையில் போட்டு, ஒரு கடதாசி எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். அது லா சப்பல் கொம்மிசாரியாவுக்குப் போகும், உரியவர் அங்கே வந்து விளக்கம் சொல்லட்டும் என்றார்கள். "இனி இப்படிக் கிடைத்தால் தைக்காதீர்கள். கூப்பிடுங்கள்" என்றார் மீசைக்காரர். பிறகு ஒரு கிளாசில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரைக் கண்டதும் பத்திநாதர் அழுதுவிட்டார்.

நேர்முகம் செய்த மர்கரீத் என்ற அம்மையார் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். கதை பத்திநாதருக்குமுன் மாடியேறிப் போயிருந்தது. ஆறுகளை அவர் கேட்கவேயில்லை.

"ஏன் முதலே பொலிசிடம் போகவில்லை?"

"உண்மையைச் சொன்னால் அடி விழும் எண்டு நினைச்சன், மதாம். இண்டைக்குத்தான் சொல்லிப் பார்த்தன்."

மர்கரீத் பைலைத் திறந்தார். பிறகு எதையோ நீளமாக எழுதினார்.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது. அற்புதமலர் அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அந்தோனியார் படத்துக்குக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை சிரில் வந்தார். உடுப்பைக் கொடுத்துவிட்டு மறந்துபோவதில் லா சப்பலில் இனபேதம் கிடையாது. புதுச் சிப்பை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார், ஏழாவது பொக்கற்றைத் தடவினார்.

"இதற்குள் ஒரு தோட்டா இருந்ததே?"

"கொம்மிசாரியாவிலை இருக்குது. நீங்கள் போய் விளக்கம் சொல்லவேணுமாம்."

சிரிலின் முகம் வெளிறியது. அந்த வெளிறலைப் பத்திநாதர் நன்றாக அறிவார். இருபத்திரண்டு வருடம் கண்ணாடியில் பார்த்ததல்லவா?

"பொலிசா? வேண்டாம், விடுங்கள். ஒரு தோட்டாதானே. போன பருவத்துக்கு என் வேட்டை அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க மறந்துபோனேன்... எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுங்களேன்."

பத்திநாதர் ஊசியைப் பஞ்சில் குத்தினார். கோட்டை எடுத்து, இந்தமுறை திரும்பிப் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு போட்டார். கதவுத் தகட்டை இறக்கினார்.

"வாங்கோ, நானும் வாறன்" என்றார் பிரெஞ்சில். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. தண்ணியும் தருவினம். நாங்கள் பிரெஞ்சுக்காரர், பொலிசுக்கு ஏன் பயப்பிடவேணும்?"

சிரிலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து, கொம்மிசாரியா இருக்கும் பக்கத்து நடைபாதையில் ஏறினார். இந்தப் பக்கம் கடைகளுக்கு முன்னால் மழைக்கூரை இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.